பதினேழாம் எண் பேருந்துக்குக் காத்திருந்தவர்கள்

பதினேழாம் எண் பேருந்து மணிக்கு ஒன்று என்று சுருங்கியது மே மாதத்து முதல் திங்கட்கிழமை. அதுவரை இருபது நிமிடத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும் என்று சொன்னது நான்கு வருடங்களுக்கு முன்னால். போர்ட் ஹார்கிரேவ் நகரமன்றம் அன்றுதான் பருவநிலை நெருக்கடியை ஒருமனதாக அறிவித்திருந்தது. பத்து வருடத்தில் ஊரின் புகையைப் பாதியாகக் குறைப்போம், ஜனங்களைக் காரிலிருந்து இறக்கிப் பேருந்தில் ஏற்றுவோம் என்று தீர்மானம் போட்டு, கைதட்டி, பச்சை நிறத்தில் ஒரு கேக் வெட்டிச் சாப்பிட்டார்கள். கேக் தீர்ந்தது. தீர்மானம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது.

லாவினியாவுக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவளுக்கு ஆசையில்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை அவளுக்கு. விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் ஊரார் படுத்த விரிப்புகளை எல்லாம் கொதிநீரில் போட்டு எடுத்து, பன்னிரண்டரைக்கு வெளியே வருவாள். வயது நாற்பத்தொன்பது. டோங்கா தீவிலிருந்து சின்ன வயதில் வந்து இந்தக் காற்றடிக்கிற ஊரிலேயே வளர்ந்தவள். வீட்டுக்குப் போக வேண்டும், வெந்நீரில் காலை வைக்க வேண்டும், முந்தின நாள் ரக்பி ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்து நடுவரைத் திட்ட வேண்டும். ஒரு நாளில் அவள் கேட்டது அவ்வளவுதான்.

மருத்துவமனையிலிருந்து வரும் பேருந்து அவளை நகரமன்றத்து வாசலில் பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு இறக்கிவிடும். அங்கிருந்து பதினேழு பிடிக்க வேண்டும். புது அட்டவணைப்படி பதினேழு கிளம்புவது பன்னிரண்டு ஐம்பதுக்கு. அடுத்தது ஒன்று ஐம்பதுக்கு. ஆள் வைத்து யோசித்தால்கூட இவ்வளவு கச்சிதமாக ஒருத்தியைத் தவறவிட வைக்க முடியாது.

நிறுத்தத்தில் கூரையும் கிடையாது. இருந்த கூரையை, "இதைவிட நல்லது வருகிறது" என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வரப்போவதன் படம் மட்டும் கம்பத்தில் ஒட்டியிருந்தது. கூரைமேல் செடி வளர்ந்திருக்க, கீழே ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படத்தில் மழை பெய்யவில்லை.

ஜூலை அந்த ஊரில் குளிர்காலம். ஒரு புதன்கிழமை மழை பக்கவாட்டில் அடித்தது. நிறுத்தத்தில் லாவினியாவுக்குப் பக்கத்தில் மரே நின்றிருந்தார். எழுபத்தாறு வயது. ஆயுள் முழுக்க அடுத்தவன் வீட்டுக் கூரையில் ஏறி ஓட்டை அடைத்தவர். இரண்டு முழங்காலும் இப்போது உலோகம்.

"ஏம்மா, எனக்கு மூத்திரம் முட்டுது," என்றார் மரே. "அம்பது நிமிஷம் தாங்காது."

"அதை ஏன் என்கிட்ட சொல்றீங்க? மேயர்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு அவர் விறுவிறுவென்று நகரமன்றத்துக்குள் நுழைந்தார். கிழவர் படியில் விழுந்து வைக்கப்போகிறாரே என்று லாவினியாவும் பின்னால் ஓடினாள்.

கழிப்பறை முதல் மாடியில் இருந்தது. அதற்கு எதிரே ஒரு பெரிய கதவு. "பொதுமக்கள் வரலாம்" என்று அட்டை மாட்டியிருந்தது. கதவு இடுக்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் மெத்தை வைத்த நாற்காலிகள் நாற்பது, எல்லாம் காலி. மூலையில் தேநீர்ப் பாத்திரம், ஒரு தட்டு நிறைய இஞ்சி பிஸ்கட். ஜன்னல் வழியாகக் கீழே நிறுத்தம் தெரிந்தது. லாவினியா தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் குதிரை லாட வடிவ மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். நடுவில் மேயர் ஹாட்லி ஸ்ட்ராங், கழுத்தில் பதவிச் சங்கிலி. பார்வையாளர் வரிசையில் இரண்டு தலைகளைக் கண்டதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். அங்கே ஆள் வந்து வருடக் கணக்காகியிருந்தது.

"வணக்கம். உங்களுக்கு எந்த விஷயத்துல அக்கறை?"

"எங்களுக்கா? ஒண்ணுத்துலயும் இல்லீங்க," என்றாள் லாவினியா. "பஸ்ஸுக்கு நிக்கிறோம். நீங்க பாட்டுக்கு நடத்துங்க."

ஒன்று நாற்பத்தைந்துக்கு இருவரும் எழுந்து வெளியே போனார்கள். அப்போது மேயர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார்.

நல்ல இடம் ஒன்று அகப்பட்டால் அதை ரகசியமாக வைத்துக்கொள்ள மரேவுக்குத் தெரியாது. அடுத்த வாரம் ஒன்பது பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் இருபத்திரண்டு. வாரத்தில் மூன்று நாள் ஏதாவதொரு குழு ஒரு மணிக்குக் கூடும். அந்த மூன்று நாளும் பதினேழாம் எண்காரர்களுக்குத் திருநாள். செவிலியர், மீன் வெட்டுகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த ஒரு தாய். ஒன்று நாற்பத்தைந்து ஆனால், உபதேசியார் "ஆமென்" சொன்னது போல மொத்தக் கூட்டமும் ஒரே மூச்சில் எழுந்து போய்விடும். அதற்குள் தன் நகைச்சுவையைச் சொல்லி முடிக்கவேண்டுமென்று கென் ஃபாரல் என்ற உறுப்பினர் அவசரப்படுவார். ஆணி, குழாய் விற்கிற கடைக்காரர். நாற்பது பேர் தன் பேச்சைக் கேட்பது அவர் வாழ்க்கையில் புதிது.

உட்கார்ந்த இடத்தில் காதைப் பொத்திக்கொள்ள முடியுமா? தேவாலயத்துக் கமிட்டிக் கூட்டங்களே ஏழு ஜென்மத்துக்குப் போதும் என்றிருந்த லாவினியா, பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே கேட்கத் தொடங்கினாள். கேட்கக் கேட்க அவளுக்கு ஒன்று பிடிபட்டது. சலவைக்கூடத்தில் அழுக்கு விரிப்பை அழுக்குக் கூடையிலும் வெளுத்ததை வெளுத்த கூடையிலும் போடுவார்கள். இங்கே அழுக்கை மடித்து வெளுத்த கூடையில் வைத்து, மேலே ஒரு நல்ல பெயர் எழுதி ஒட்டுகிறார்கள்.

ஜூலைக் கடைசியில் பருவநிலை இலக்குகள் பற்றிய அறிக்கை வந்தது. கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றிய ஒரு பெண் அதிகாரி எழுந்து வாசித்தார். மரம் நடுவது, சரியான பாதையில். தெருவிளக்கு, சரியான பாதையில். அந்தப் பெண் தலையே தூக்கவில்லை.

"பொதுப் போக்குவரத்து. பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்ற இலக்கு. சரியான பாதையில்."

மரேவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அடைபட்ட குழாய் திறந்துகொண்ட மாதிரி. அவ்வளவுதான், நாற்பது பேரும் வெடித்துச் சிரித்தார்கள். மீன்காரர் ஒருவர் நாற்காலியின் முதுகைத் தட்டித் தட்டிச் சிரித்தார். குழந்தை பயந்து அழுதது.

மேயர் சுத்தியலால் தட்டினார். "அமைதி! இங்க சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க," என்றாள் லாவினியா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பாதை சரியாத்தான் இருக்கு. பஸ்ஸைத்தான் காணோம்."

வாசித்துக்கொண்டிருந்த அதிகாரி கம்பளித் துண்டால் வாயை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை லாவினியா பார்த்தாள்.

மறுவாரம் தேநீர்ப் பாத்திரம் காணாமல் போனது. பிஸ்கட்டும் போனது. சுடு காற்று வரும் துவாரத்தையும் யாரோ புண்ணியவான் பாதி மூடியிருந்தார். "செலவுக் குறைப்பு" என்று சீட்டு எழுதி வைத்திருந்தார்கள்.

லாவினியாவை அது சுட்டுவிட்டது. அதுவரை அவளுக்கு மேயர்மேல் பகை ஒன்றும் இல்லை. ஆனால் வந்தவர்கள் முன்னாலிருந்து தட்டை எடுக்கிறவனை அவள் வீட்டில் மனிதனாகவே மதிக்கமாட்டார்கள். மறுநாள் ஒரு பெரிய பாத்திரம் நிறைய கெகே சுட்டுக் கொண்டுவந்தாள். எண்ணெயில் பொரித்த, உள்ளே பஞ்சாக இருக்கிற மாவு உருண்டை. மூடியைத் திறந்ததும் வாசனை தடுப்பைத் தாண்டிப் போய் மேசையைச் சுற்றிவந்தது. நிதிக் குழுத் தலைவர் எண்களை இரண்டு முறை தப்பாகப் படித்தார்.

இடைவேளையில் ஓர் உறுப்பினர் எழுந்து வந்தார். பிரான்வின் திப்பேனே. ஐந்து வருடமாகப் பேருந்து பேருந்து என்று கத்தி, வழிமொழிய ஓர் ஆள்கூடக் கிடைக்காமல் உட்கார்ந்துவிடுகிற மாவோரிப் பூர்வகுடிப் பெண்.

"ஒண்ணு எடுத்துக்கலாமா?"

"ரெண்டா எடுத்துக்கோங்க. கத்துறதுக்குத் தெம்பு வேணுமே," என்றாள் லாவினியா.

பிரான்வின் வாயில் உருண்டையோடு தாழ்ந்த குரலில் சொன்னார்: "அடுத்த புதன் வரப்போறது தெரியுமா உங்களுக்கு? பஸ்ஸுக்குன்னு வெச்சிருந்த பணத்தை எடுத்து பசுமைப் பயண மையம் கட்டப்போறாங்க."

"நல்ல பேரா இருக்கே. அது என்னது?"

"ஆறு மாடி கார் நிறுத்துமிடம். மேல நாலு சோலார் பலகை."

மரே கையிலிருந்த உருண்டையைக் கீழே வைத்தார். அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

"நான் ஒருத்தி கத்தினா, இவளுக்கு வேற வேலையில்லைன்னு விட்டுருவாங்க," என்றார் பிரான்வின். "பொதுமக்கள் யார் வேணும்னாலும் மூணு நிமிஷம் பேசலாம். பேர் குடுக்கணும், அவ்வளவுதான். நீங்க பேசுவீங்களா?"

"நானா? எனக்கு என்ன தெரியும்? நான் துணி வெளுக்கிறவ."

"அப்போ அந்த மேசையில உட்கார்ந்திருக்கறவங்களுக்கு மட்டும் என்ன தெரியும்னு நினைச்சீங்க?"

அந்த வாரம் முழுக்க லாவினியா சரியாகத் தூங்கவில்லை. தேவாலயத்தில் பாடச் சொன்னால் கூரை அதிரப் பாடுவாள். நின்று பேசச் சொன்னால் கடைசி வரிசைக்குப் போய் ஒளிந்துகொள்வாள். பெயரைக் கொடுத்துவிட்டு, கொடுத்த கையை நொந்துகொண்டாள். மூன்று தாள் எழுதினாள். மூன்றையும் கிழித்தாள்.

புதன்கிழமை வந்தது. நிகழ்ச்சி நிரலைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். பொதுமக்கள் பேச்சு ஒன்றே காலுக்கு. பசுமைப் பயண மையம், வாக்கெடுப்பு ஒன்று ஐம்பதுக்கு.

மரே அதை இரண்டு தடவை படித்தார். "அடப் பாவி! இத்தனை நாள்ல இந்த ஆள் நம்ம பஸ்ஸோட நேரத்தை மட்டும் மனப்பாடம் பண்ணியிருக்கான் பாரு."

உள்ளே நாற்பத்தேழு பேர். இடமில்லாமல் சிலர் சுவரோரம் நின்றார்கள். லாவினியாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கி அவள் மார்பு உயரத்துக்கு இருந்தது. யாரும் அதை உயர்த்தித் தரவில்லை. குனிந்து பேசினாள்.

"என் பேரு லாவினியா. ஆஸ்பத்திரியில துணி வெளுக்கிறேன். எழுதி எல்லாம் கொண்டாரல. ஒரே ஒரு கேள்வி இருக்கு. நாலு வருஷத்துக்கு முன்னாடி, ஊர்ப் புகையைப் பாதியாக் குறைக்கிறோம்னு சொன்னீங்க. சுவத்துல மாட்டியிருக்கீங்க, அதோ. இதுவரைக்கும் எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

மேயர் புன்னகைத்தார். "அம்மா, இது கேள்வி நேரம் இல்ல. உங்க கருத்தைச் சொல்ற நேரம்."

"சரிங்க. என் கருத்து என்னன்னா, உங்களுக்கே அது தெரியாதுன்னு நினைக்கிறேன்."

பின்னால் யாரோ விசிலடித்தார்கள். மேயரின் புன்னகை அப்படியே இருந்தது, ஆனால் கண் வலப்பக்கம் போயிற்று, இடப்பக்கம் போயிற்று. மேசையில் ஒருவர் தாளைப் புரட்டினார். இன்னொருவர் தண்ணீர் குடித்தார். பன்னிரண்டு பேரில் யாருக்கும் அந்த எண் தெரியவில்லை.

"எனக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு," என்றாள் லாவினியா. "நான் நிக்கிறேன். நின்னு பழக்கம்தான்."

நின்றாள். மேலே கடிகாரத்தின் முள் நகர்கிற சத்தம் கேட்டது. அரை நிமிடம் போயிற்று. அப்போது ஓரத்து மேசையிலிருந்து கம்பளித் துண்டு அதிகாரி, யாரும் கேட்காமலேயே, மெல்லிய குரலில் சொன்னார்:

"குறையலை. நூத்துக்கு நாலு புள்ளி ஒண்ணு கூடியிருக்கு."

அறையில் இந்த முறை சிரிப்பு வரவில்லை. சிரிப்புக்குத் தயாராக வாயைத் திறந்தவர்கள்கூட மூடிக்கொண்டார்கள். லாவினியா அந்த அதிகாரியைப் பார்த்துத் தலையசைத்தாள். "ரொம்ப நன்றிம்மா," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

அதன் பிறகு மேயர் நிதானமாகக் காரியம் பார்த்தார். ஒரு பூங்காவின் வேலிக்கு என்ன நிறம் அடிப்பது என்பதற்கு இருபது நிமிடம். ஒன்று நாற்பத்தைந்து ஆனது. வழக்கமாக எழும் நேரம். மேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.

யாரும் எழவில்லை.

ஒன்று நாற்பத்தொன்பதுக்குப் பதினேழு வந்து நின்றது. ஜன்னலில் எல்லோரும் பார்த்தார்கள். கதவு திறந்தது, ஏற ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. ஓட்டுநர் மஞ்ஜித், தலைப்பாகையில் மழைத்துளியோடு, பெரிய கதவில் தலை நீட்டினான்.

"அக்கா! வண்டி வந்தாச்சு. என்ன, ஒருத்தரும் வரலியா? யாராவது செத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல, தம்பி. நீ கிளம்பு. உன்மேல புகார் எழுதிருவாங்க. நாங்க அடுத்ததுல வர்றோம்."

"இந்த மழையில இன்னும் ஒரு மணி நேரமா?"

"இங்க மழை பெய்யலியே."

மஞ்ஜித் மேசையைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், மேயரின் சங்கிலியைப் பார்த்தான். ஏதோ புரிந்தது போல ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனான். நகரத்தின் பதினேழாம் எண் பேருந்து உள்ளே வெளிச்சம் எரிய, ஓர் ஆளும் இல்லாமல், மழைக்குள் போயிற்று.

வாக்கெடுப்புக்கு முன் பிரான்வின் எழுந்து திருத்தம் கொண்டுவந்தார். ஒன்று, பதினேழாம் எண் அரை மணிக்கு ஒன்றாகும் வரை கார் நிறுத்துமிடத்துக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. இரண்டு, புகைக் கணக்கு எண்ணை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மேயரே, தன் வாயால், பொதுமக்கள் முன்னிலையில் வாசிக்க வேண்டும்.

"யாராவது வழிமொழிகிறீர்களா?" என்று கேட்ட மேயர், பழக்கதோஷத்தில் அடுத்த தாளைப் புரட்டப் போனார்.

கென் ஃபாரல் கையைத் தூக்கினார்.

"கென், என்ன பண்றீங்க?" என்றார் மேயர். ஒலிவாங்கி திறந்திருந்ததை அவர் மறந்துவிட்டார்.

"ஹாட்லி, இந்த ஜனங்க ஒரு மாசத்துக்கு மேல நம்மளைப் பாத்துட்டு உட்கார்ந்திருக்காங்க. என் பெண்டாட்டிகூட இவ்வளவு நேரம் என் பேச்சைக் கேட்டதில்ல. இன்னிக்கு பஸ்ஸையும் விட்டுட்டு உட்கார்ந்திருக்காங்க." கென் குரலைத் தாழ்த்தினார். "அக்டோபர்ல தேர்தல், ஞாபகம் இருக்கா? இவங்க எல்லாம் என் கடைக்கு வர்றவங்கப்பா."

மனசாட்சியா, ஆணி வியாபாரமா என்று யாரும் ஆராயவில்லை. கை தூக்கியவர்களை எண்ணினார்கள். ஏழுக்கு ஐந்து.

கூட்டம் கத்தியதில் மேயரின் சுத்தியல் யாருக்கும் கேட்கவில்லை. மரே லாவினியாவைக் கட்டிப்பிடிக்க முயன்று, முழங்கால் மடங்காமல், பக்கத்திலிருந்த மீன்காரரைக் கட்டிப்பிடித்தார். லாவினியா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது மூன்றரை மணிக்கு. வெந்நீர் வைக்கக்கூடத் தோன்றாமல் சோபாவில் செருப்போடு தூங்கிப்போனாள்.

பேருந்து செப்டம்பரிலிருந்து அரை மணிக்கு ஒன்று ஆயிற்று. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற பேச்சு சுவரிலேயே இருந்தது. கார் நிறுத்துமிடத்தைக் கைவிட்டுவிட்டதாக யாரும் சொல்லவில்லை, "தள்ளிவைத்திருக்கிறோம்" என்றார்கள். அக்டோபரில் ஹாட்லி ஸ்ட்ராங் அறுபத்து மூன்று வாக்கு வித்தியாசத்தில் மறுபடி மேயரானார். பதினேழாம் எண்காரர்களில் பாதிப் பேர் ஓட்டுச் சீட்டைத் தபாலில் போட மறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு லாவினியா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மரே மட்டும் மாட்டிக்கொண்டார்.

"நீங்க போட்டீங்களா?"

"போட்டேம்மா! சத்தியமா போட்டேன்! ஏன் என்னை முறைக்கிற?"

பேருந்து சீக்கிரம் வரத் தொடங்கியதும் பார்வையாளர் வரிசை காலியானது. அது இயற்கைதான். இருபத்தைந்து நிமிடத்துக்காக யார் மாடி ஏறுவார்கள்? லாவினியாவும் போகவில்லை. ஒன்று இருபது வண்டியைப் பிடித்து, இரண்டு மணிக்கெல்லாம் காலை வெந்நீரில் வைத்துவிடுவாள்.

நவம்பர் மாதத்து முதல் புதன்கிழமை அவள் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். நல்ல வெயில். ஒன்று பத்துக்கு அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ அரித்தது. மூன்று மாதம் ஆகிவிட்டதே. இன்றைக்கு அந்த எண்ணை வாசிக்க வேண்டுமே. மாடியில் யார் இருக்கிறார்கள்? யாருமில்லாத அறையில் வாசித்தால் அதுவும் வாசித்ததாகத்தானே கணக்கு?

"சனியன்," என்றாள் சத்தமாக. பக்கத்தில் நின்ற மரே திரும்பிப் பார்த்தார்.

"என்னையா சொன்ன?"

"வாங்க மேல."

"பஸ் இப்ப வந்துரும்மா!"

"அரை மணியில இன்னொண்ணு வரும். நாமதானே வாங்கிக் குடுத்தோம். வாங்க."

பார்வையாளர் வரிசையில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். அதில் இருவர் கழிப்பறையைத் தேடி வந்தவர்கள். இவர்களைப் பார்த்ததும் மேயரின் முகம் கொஞ்சம் வாடியது. தாளைக் கையில் எடுத்து, "இந்த எண்ணைத் தனியா வாசிச்சா பின்னணி புரியாது. அதனால முதல்ல ஒரு சின்ன விளக்கம்..." என்று ஆரம்பித்தார்.

"பின்னணியை நாங்க விசாரிச்சுக்கறோம்," என்றாள் லாவினியா. "எண்ணைச் சொல்லுங்க."

கம்பளித் துண்டு அதிகாரி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடை நெருங்கியும் அவர் அந்தத் துண்டை விடவில்லை. மேயர் தாளை முகத்துக்கு நேரே பிடித்தார். தண்ணீர் குடித்தார். உதடு மட்டும் அசைகிற மாதிரி எதையோ சொன்னார்.

"காது கேக்கல," என்றார் மரே.

"மூணு புள்ளி ஒன்பது."

"கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?" என்றாள் லாவினியா.

"...கூடியிருக்கு. ஆனா போன தடவை அளவுக்கு இல்ல."

"அதையே முழுசா ஒரு தடவை வாசிச்சிடுங்க. குறிச்சுக்கணும்."

அவளிடம் தாள் இல்லை. பேனாவை மரேவிடமிருந்து வாங்கி, கொதிநீரில் வெந்து வெளுத்திருந்த உள்ளங்கையை விரித்துக்கொண்டு, காத்திருந்தாள். கீழே ஒன்று இருபது வண்டி வந்து நின்று, கதவு திறந்து மூடி, கிளம்பிப் போயிற்று. மேயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்த முறை கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, முதலிலிருந்து வாசித்தார்.